ஜிப்புவின் தொண்டை

தென்னூரில் தனியாக மருத்துவமனை வைத்திருந்த ஒரு கால்நடை மருத்துவரிடம் பிலோமின்ராஜ் பத்தொன்பது ஆண்டுகள் கம்பவுண்டராக இருந்தார். 1948 ஜனவரியில் சேர்ந்தார், 1967 மார்ச்சில் விலகினார். முதல் பத்தாண்டுகளில், மாட்டுக்கு மருந்து புகட்டுவதைவிட அவர் கைக்கு அதிகம் வந்தது வேறு வேலை. பெரிய வீட்டு நாய்களுக்கு வாலை நறுக்குவார். காது விறைப்பாக நிற்க வேண்டுமென்றால் வெட்டித் தைப்பார். பறக்கும் கிளிக்கு இறகைக் கத்தரிப்பார். குரைப்பைப் பொறுக்காதவர்கள் கேட்டால், நாயின் தொண்டைக்குள்ளிருந்து குரல் எழுப்பும் சதையையே எடுத்துவிடுவார். கைநேர்த்தி உண்டு என்று டாக்டர் அதையெல்லாம் அவரிடமே விட்டிருந்தார்.

எடுத்த துண்டை ஸ்பிரிட் ஊற்றிய சிறு பாட்டிலில் போட்டு, உடையவருக்குக் காட்டிய பிறகே எறிவது அவர் வழக்கம். பெரியகடை வீதி ஜவுளிக்காரர் ஒருவர், "என்ன கம்பவுண்டரே, வாலை வெட்டினீங்களா, உள்ளாற மடிச்சுக் கட்டிட்டீங்களா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுச் சிரித்ததிலிருந்து வந்த வழக்கம் அது.

பாலக்கரையில் அவர் வீட்டிலும் ஒரு நாய் இருந்தது, ஜிப்பு. 1957இல் அவர் மனைவி பாக்கியமேரிக்கு டைபாய்டு வந்து தெளிந்தது. காய்ச்சல் போனது, தலைவலி போகவில்லை. ஜிப்பு குரைக்கும்போதெல்லாம் சுவரில் தலையை முட்டிக்கொண்டாள்.

"ஊரு நாய்க்கெல்லாம் செய்யறீங்க, நம்ம வீட்டு நாய்க்குச் செய்ய மாட்டீங்களா?"

ஆகஸ்டு 11, ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து செய்தார். சொந்த நாய்தானே என்று துண்டைப் பாட்டிலில் போடவில்லை. சாம்பல் குழியில் எறிந்துவிட்டார்.

எட்டு நாள் வீடு அமைதியாக இருந்தது. ஒன்பதாம் நாள், சோறு பரிமாறிக்கொண்டிருந்த பாக்கியமேரி கரண்டியைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள்.

"திரும்பவும் கத்துதுங்க."

பிலோமின்ராஜ் கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தார். ஜிப்பு கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. விலா ஏறி இறங்கியது. காற்றுதான் வந்தது. பாக்கியமேரி நின்ற இடத்திலிருந்து கொல்லைப்பக்கம் தெரியாது.

அதன்பின் மூன்று நாள் அவர் கவனித்தார். அவள் அடுப்படியில் இருப்பாள், இவர் பின்கதவருகே நிற்பார். நாய் வாயைத் திறந்தது பதினொரு முறை. அவள் காதைப் பொத்தியதும் பதினொரு முறை. ஒன்றுகூடத் தப்பவில்லை.

பாக்கியமேரிக்கு வேறு சந்தேகம். "நீங்க வெட்டவேயில்ல. மயக்க மருந்து குடுத்துப் படுக்க வச்சிட்டு, என்கிட்ட பொய் சொல்லிட்டீங்க. வெட்டினா துண்டு எங்க? ஊராருக்குக் காட்டுறீங்கள்ல?"

"குழியில போட்டுட்டேன் மேரி."

"அப்ப திரும்பவும் வெட்டுங்க. என் கண்ணு முன்னால வெட்டுங்க."

ஆறாத தொண்டையில் மீண்டும் கத்தி வைத்தால் நாய் பிழைக்காது என்று அவருக்குத் தெரியும். அவளோ சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். கை எலும்பு தெரிய ஆரம்பித்தது. நாயா, மனைவியா என்று வந்துவிடும்போலிருந்தது. செப்டம்பர் 2ஆம் தேதி மாலை, ஆஸ்பத்திரி அலமாரியில் உடையவர் வந்து பார்க்காமல் மிஞ்சியிருந்த, வேறொரு நாயின் தொண்டைச் சதை கிடந்த பாட்டிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

"இந்தா, ஜிப்புவோடது. பாத்து மனசை ஆத்திக்க."

பாக்கியமேரி பாட்டிலை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளே நகக்கண் அளவில் வெளுத்த சதை. அவள் முகம் மெல்ல மாறியது.

"இது ஜிப்பு இல்லீங்க. இது பொட்டை."

"என்ன உளர்ற?"

"குட்டியக் கூப்பிடுது. நிறுத்தாம கூப்பிடுது. குட்டிங்கள எங்க கொண்டு போனாங்க?"

பிலோமின்ராஜ் பாட்டிலை உற்றுப் பார்த்தார். நான்கு குட்டிகளையும் ஆளுக்கொன்றாகக் கொடுத்தனுப்பிய பிறகு இரவு பகலாக ஊளையிடுகிறது என்றுதான் அந்த நாயைக் கொண்டுவந்திருந்தார்கள். இதை அவர் வீட்டில் சொன்னதேயில்லை.

"மாதாவே!" என்று பாக்கியமேரி பாட்டிலை மேசைமேல் வைத்தாள். "வெட்டினதால ஒண்ணும் நிக்கலீங்க. உங்களுக்குக் கேக்கல, அவ்வளவுதான். இனிமே ஜிப்பு மேல கை வைக்காதீங்க."

"வைக்க மாட்டேன். யாரு நாய் மேலயும் வைக்க மாட்டேன்," என்றார். வேலையை விட்ட நாள்வரை அந்தச் சொல்லை மீறவில்லை. டாக்டர் ஏசிப் பார்த்தும் மருந்து மட்டுமே கலக்கினார்.

அவள் போய்ப் பின்கதவைத் திறந்தாள். ஜிப்பு உள்ளே வந்து அவள் சேலையோரம் நின்றது. கழுத்தை நீட்டியது, வாயைத் திறந்தது. இந்தமுறை அவள் காதைப் பொத்தவில்லை. குனிந்து அதன் கழுத்தைத் தடவினாள்.

"இப்பவும் குரைக்குதா?" என்றார் பிலோமின்ராஜ்.

"ஆமா."

"யாரைப் பாத்து?"

"உங்களைப் பாத்துதாங்க."

அவர் முன்வாசல் வழியாக வெளியே போய், நாய் வாயை மூடிவிட்டது என்று அவள் வந்து சொல்லும்வரை தெருவில் நின்றார்.