ஞாயிறு: ஓய்வு

1. திங்கட்கிழமை காலை ஹட்டனில் தூறல். வலைப்பந்துத் திடல் ஈரமாக இருந்தது.
2. உயரமாக வந்த பந்துக்கு என் மாணவி ஒருத்தி எம்பினாள்.
3. வலது கால் மடங்காமல், குதிகால் முதலில் தரையில் ஊன்றியது.
4. முழங்காலுக்குள் ஒரு சத்தம். பத்தடி தள்ளி நின்ற எனக்கும் கேட்டது.

அந்தச் சத்தம் வரக்கூடாது என்பதற்காகத்தான் என்னை அங்கிருந்த ஆசிரியர் கலாசாலையில் வைத்திருந்தார்கள். அது 1985. கொழும்பில் உடற்கல்வி முடித்து அப்போதுதான் வந்திருந்தேன். வலைப்பந்து அணிப் பிள்ளைகளுக்கு அடிபடாமல் குதித்து இறங்கப் பழக்குவது என் வேலை. முழங்காலை மடக்கு, முன்பாதத்தில் இறங்கு, இரண்டு காலிலும் பாரத்தைப் பகிர். ஒவ்வொருவருக்கும் ஒரு கொப்பி கொடுத்தேன். நாளுக்கு ஒரு வரி. சனி, ஞாயிறு வரிகளில் நானே 'ஓய்வு' என்று எழுதியிருந்தேன். அவர்கள் சரி போட்டால் போதும்.

அடிபட்டவள் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. விளையாட்டு ஆசிரியை ஆக வேண்டும் என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. வெள்ளிக்கிழமைக்குள் அழகாக இறங்குவாள். திங்கட்கிழமை மறுபடியும் கால் விறைத்துவிடும்.

"ஏன்டி, முதுகுல கூடையோடவா குதிக்கிற?" என்று ஒருத்தி கத்துவாள்.

"ஆமா, நீ வந்து எறக்கி வையி!" என்பாள் இவள்.

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன்.

ஆஸ்பத்திரியில் சவ்வு அறுந்துவிட்டது என்றார்கள். கட்டிலருகே உட்கார்ந்து அவள் கொப்பியைப் புரட்டினேன். எல்லா ஞாயிறும் சரி.

"நேத்து என்ன செஞ்ச?"

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். அம்மாவுக்கு முதுகு புடிச்சிருச்சு. ரெண்டு மாசமா ஞாயித்துக்கிழமையில அவங்களுக்குப் பதிலா நான்தான் கொழுந்து பறிக்க மலைக்குப் போறேன்."

"சொல்லியிருக்கலாமே."

"நீங்கதான் ஓய்வுன்னு எழுதிட்டீங்களே. வேலைக்குப் போறேன்னு சொன்னா டீம்ல இருந்து எடுத்துருவீங்கன்னு பயம்."

நனைந்த கொழுந்துக் கூடையோடு சரிவில் இறங்கும்போது முழங்காலை மடக்கினால் ஆள் உருண்டுவிடும். குதிகாலை மண்ணில் குத்தி, காலை விறைப்பாக வைத்துத்தான் இறங்க வேண்டும். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. என் அம்மா அப்படித்தான் இறங்குவார். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் வளர்ந்த எனக்கு அது தெரியும். தெரிந்தும், திங்கட்கிழமைக் கால் எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை.

நான்கு வருடம் ஓடிவிட்டது. அவள் இப்போது தோட்டப் பாடசாலையில் சிறு வகுப்புக்குப் படிப்பிக்கிறாள். முழங்கால் சில வேளை சொல்லாமல் நழுவுகிறது. படி இறங்கச் சுவரைப் பிடிக்கிறாள். அவள் அம்மா பிடித்த முதுகோடு மலைக்கு ஏறுகிறார்.

கொப்பியில் ஞாயிற்றுக்கிழமைக்கு எதிரே 'என்ன வேலை செய்தாய்?' என்று இப்போது எழுதிக் கொடுக்கிறேன். பெரும்பாலான பிள்ளைகள் 'ஒன்றுமில்லை' என்றே எழுதுகிறார்கள்.