ஒன்பதாம் பாத்தியின் முயல்

பூச்சியக்கா எங்கள் ஆராய்ச்சிப் பண்ணையில் பூச்சி எண்ணுகிறவர். கேலி இல்லை, சம்பளமே அதற்குத்தான். கழுத்தில் பூதக்கண்ணாடியைத் தொங்கவிட்டுக்கொண்டு பதினொரு வருடமாகப் பாத்தி பாத்தியாகக் குந்தி நகர்கிறார். மாடி ஏறினால் படியை எண்ணுவார். கூட்டத்துக்குப் போனால் வழுக்கைத் தலைகளை எண்ணுவார். அங்கே ஸ்டோர் கீப்பராக இருக்கிற எனக்கு அவரிடம் ஒரே ஒரு மனத்தாங்கல்: 'சுமார்' என்ற சொல் அவரிடம் செல்லாது. "சாக்கு சுமார் நாப்பது இருக்கும்க்கா" என்றால் "முப்பத்தேழு" என்பார். போய் எண்ணினால் முப்பத்தேழுதான் இருக்கும். பற்றிக்கொண்டு வரும் எனக்கு.

இந்த வருடம் பன்னிரண்டு பாத்தியிலும் ஃபாபா பீன்ஸ். அவரைக்குத் தூரத்து உறவு, ஆனால் கொடி ஏறாது. இடுப்புயரத்துக்கு விறைப்பாக நிற்கும். ஆறு பாத்திகளில் நடுநடுவே ஓட்ஸ் ஊடுபயிர். மற்ற ஆறில் பீன்ஸ் தனிக்கட்டை. கறுப்பு அசுவினி பறந்து வந்து இளம் நுனியில் குடும்பம் குட்டியோடு குடியேறிச் சாறு உறிஞ்சும். அது கழிக்கிற இனிப்பை நக்குவதற்காக எறும்பு காவல் நிற்கும். பொறிவண்டு அந்தக் காவலை மீறி வந்து அசுவினியைத் தின்னும். ஓட்ஸ் கூடவே நின்றால் அசுவினி கண்ணுக்குச் செடி தப்பிவிடும், பொறிவண்டுக்கும் தங்க இடம் கிடைக்கும் என்பது எங்கள் டாக்டரின் கட்சி. டாக்டர் என்றால் ஊசி போடுகிறவர் இல்லை, பூச்சியைப் படித்துப் பட்டம் வாங்கியவர். ஓட்ஸ் இல்லாத பாத்திகளில் அசுவினி அப்பினால்தான் அவர் கட்சி ஜெயிக்கும். அதனால் செடியை யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு.

வாசலை ஒட்டிய ஒன்பதாம் பாத்தியில் அசுவினி ஒட்டவே இல்லை. ஓட்ஸ் துணை இல்லாத பாத்தி, நான்கு வாரமாகப் பளபளவென்று நின்று டாக்டரின் மொத்தச் சராசரியையும் சாய்த்துவிட்டது. காரணத்தை அக்கா முதல் வாரமே ரெஜிஸ்டரில் எழுதியிருந்தார்: "நுனி இல்லை. முயல்?" முயலைப் பிடிக்கும் பொறுப்பு வாசல் காவலரிடம் போனது. காவலர் வேறு யாருமில்லை, அக்காவின் வீட்டுக்காரர்தான். என்னிடம் கையெழுத்துப் போட்டு ஒரு தடி வாங்கிக்கொண்டு போனார். ஒரு முயலின் வாலைக்கூட அவர் பார்க்கவில்லை.

ஐந்தாம் வாரம் திங்கட்கிழமை டாக்டர் அக்காவைத் தேடி ஸ்டோருக்கே வந்துவிட்டார்.

"பக்கத்துப் பாத்தியில ஓட்ஸ் இருக்கு. அங்க மட்டும் முயல் வாய வைக்காதாம்மா? நீங்க எண்ண வேண்டியதே நுனியிலதான். நுனி இல்லன்னா வேலையும் இல்ல. நீங்களே கிள்ளிப் போட்டீங்கன்னு நான் நினைச்சா தப்பா?"

அக்கா ரெஜிஸ்டரைத் திறந்து நீட்டினார். டாக்டர் அதைத் தொடவில்லை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள யாருன்னு தெரியணும். இல்லன்னா உங்களக் களை எடுக்க மாத்திடுவேன்."

களை எடுப்பதில் கேவலம் ஒன்றுமில்லை. பொய்க் கணக்கு எழுதியவள் என்ற பெயரோடு எடுப்பதுதான் கேவலம். ஒரு எறும்பைக்கூடக் கூட்டி எழுதத் தெரியாத மனுஷி. எனக்கு டாக்டர் மேல் அப்படி ஓர் ஆத்திரம் வந்தது, ஆனால் சாக்கை எண்ணுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன். சம்பளம் வாங்குகிறவன்தானே நானும்.

அன்று மத்தியானம் அக்கா ஒன்பதாம் பாத்தியில் குந்தி, முறிந்த காம்புகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு வந்தார்.

"தம்பி, நகம் பதிஞ்சிருக்கு. முயலுக்குக் கட்டைவிரல் கிடையாது."

பிறகு சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். வீட்டில் சமையல் அவர் வீட்டுக்காரர் பொறுப்பு; அக்கா அடுப்பருகே நின்றால் கொதிக்கிற குமிழியை எண்ணிக்கொண்டிருப்பார். பூச்சியின் கால் மயிரைப் பார்க்கிற அந்தக் கண், தட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. ரெஜிஸ்டரைப் புரட்டியபடியே வாயில் போட்டுக்கொள்வார். ஒரு மாதமாக வாரத்தில் மூன்று நாள் ஏதோ ஒரு கீரை வதக்கல் வந்துகொண்டிருந்தது. ருசி அப்படி, நானும் பங்கு பிடுங்கித் தின்றுகொண்டிருந்தேன். அன்று அக்கா அந்தக் கீரையின் மேல் பூதக்கண்ணாடியை வைத்தார். வெகுநேரம் அதை எடுக்கவே இல்லை. வதங்கிக் கிடந்தது பீன்ஸ் நுனி.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டோம். தடியோடு வந்தார். டப்பாவைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது.

"ஓட்ஸ் பாத்தியில ஏங்க கிள்ளல?" அக்காவுக்கு முதலில் வந்த சந்தேகமே அதுதான்.

"ஓட்ஸ் கால அறுக்குது." தடியைச் சுவரில் சாய்த்தார். "மொத நாள் வெச்சப்ப நல்லா இருக்குன்னு சொன்ன. பதினெட்டு வருஷத்துல அன்னைக்குத்தான் அப்படிச் சொன்ன. அதான் துளிர்க்கத் துளிர்க்கக் கிள்ளிட்டு வந்தேன். நீ முயல்னு எழுதினப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அக்காவுக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. எதற்கு முதலில் இடம் கொடுப்பது என்று தெரியாமல் டப்பாவை வழித்துத் தின்று முடித்தார்.

வெள்ளிக்கிழமை டாக்டர் ரெஜிஸ்டரைப் பார்க்க ஸ்டோருக்கு வந்தார். ஒன்பதாம் பாத்திக்கு நேரே இப்படி எழுதியிருந்தது: "அசுவினி 1 (வதங்கியது). நுனிகளைத் தின்றது நான்."

டாக்டர் இரண்டு தடவை படித்தார்.

"சமைச்சது யாரு?"

காவலருடையது ஒப்பந்த வேலை. பெயர் வெளியே வந்தால் அன்றைக்கே மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

"அதுக்கு ரெஜிஸ்டர்ல கட்டம் இல்லங்க சார்" என்றார் அக்கா.

டாக்டர் என் மேஜையிலிருந்த ஸ்கேலை எடுத்தார். அசுவினி, எறும்பு, பொறிவண்டு, முயல் என்று இருந்த கட்டங்களுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் போட்டார். தலைப்பில் 'மனிதர்' என்று எழுதினார்.

"பேரு வேணாம். எத்தன பேருன்னு மட்டும் எழுதுங்க. எண்ணிக்கை சரியா இருந்தா இனியும் நீங்கதான் பூச்சி எண்ணுவீங்க."

ஒன்று என்று எழுதியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அக்கா பேனாவை எடுத்து, வீட்டுக்காரரையும் சேர்த்து இரண்டு என்று எழுதினார். மூடியைப் போடப் போனவர் நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் சுமார் ரெண்டு கரண்டிதான்க்கா" என்றேன்.

இரண்டை அடித்துவிட்டு மூன்று என்று எழுதினார்.