கிதேக்கின் முதுகில் ஐந்து பெயர்கள்

தென் கொரியாவின் சோங்ஜு நகர பேஸ்பால் மைதான வாசலில், ரசிகர்களின் சட்டை முதுகில் வீரர்களின் பெயரைத் தைத்துக் கொடுப்பது என் தொழில். நகரப் பேருந்து ஓட்டும் கிதேக், தன் கல்யாணத்தன்றும் மேட்ச் கேட்கக் காதில் ரேடியோவோடு நின்றவர், ஒரே சட்டையை ஐந்தாவது முறையாகக் கொண்டுவந்து மேஜையில் வீசினார்.

"பிரிச்சுடுங்கக்கா. இவனையும் வித்துட்டானுங்க."

எங்கள் கொக்குகள் அணி ஒன்பது வருடமாகக் கடைசி இடத்தில் கிடக்கிறது. இளைஞர்களை வளர்த்து அணியைப் புதிதாகக் கட்டப்போவதாக நிர்வாகம் சொன்னது. வளர்த்தது உண்மைதான். வளர்ந்ததும் ஒவ்வொருவனையும் வேறு அணிக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு இன்னும் சின்னப் பையன்களை வாங்கியது. போனவர்கள் அங்கே கோப்பை தூக்கினார்கள். கிதேக் ஒவ்வொரு முறையும் நம்பிப் புதுப் பெயர் தைத்துக்கொண்டார்.

"துணி தாங்காது தம்பி. முதுகெல்லாம் ஊசி ஓட்டை. புதுசு ஒண்ணு வாங்கேன்."

"அவனுங்களுக்கு இன்னும் வேற காசு அழணுமா? முடியாது!"

"அப்போ இன்னைக்கு மேட்சுக்குப் போகலையா?"

"போகாம?" என்று என்மேல் எரிந்து விழுந்தார். "எட்டாவது இன்னிங்ஸ்ல எந்திரிச்சுப் பாடணும்ல?"

பதினோரு ரன் பின்னால் இருந்தாலும் எட்டாவது இன்னிங்ஸில் ரசிகர்கள் நாங்கள் எல்லோரும் எழுந்து அணியின் பாட்டைப் பாடுவோம்.

"சரி, யார் பேரு போடட்டும்?"

சட்டையையே முறைத்தார்.

"என் பேரையே போடுங்க. இருபத்தாறு வருசமா இந்த டீம்ல இருக்கறது நான் ஒருத்தன்தான். என்னை வித்தாலும் எவன் வாங்குவான்?"