இரண்டாவது ஆதாரம்

பள்ளிகளில் இணையத் தரவுத்தளங்களைப் பயன்படுத்தப் பழக்குவது என் வேலை. செவிலிமேட்டில் ஒரு ஐந்தாம் வகுப்பு ஆசிரியையைப் பார்த்தேன். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கயிறு கட்டித் தொங்கவிட்ட கண்ணாடி. எந்தத் தகவலையும் இரண்டு இடத்தில் சரிபார்த்த பிறகுதான் நோட்டில் எழுத விடுவார்.

அன்று பிள்ளைகள் பழைய செய்தித்தாள்களின் தொகுப்பில் சுற்றுவட்டார ஏரிகளைப் பற்றித் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுமி சத்தமாக வாசித்தாள்: "தென்னேரி ஏரியில் மூழ்கி மாணவி பலி. வயது பன்னிரண்டு."

ஆசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"வயசு தப்பா போட்டுக்கிறாங்கம்மா. பதினொண்ணுன்னு எழுதிக்கோ."

"ரெண்டாவது எடத்துல பாக்க வேணாமா மிஸ்? யாரு சொன்னாங்கன்னு எழுதறது?"

"என் பேரை எழுது. பக்கத்துல, அந்தப் பொண்ணோட அம்மான்னு போடு."

சிறுமி எழுதினாள். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஆசிரியை அடுத்த கணினிக்குப் போனார். "உனக்கு ரெண்டும் கெடைச்சிதாப்பா?"

கிளம்பும்போது வழக்கம்போல் கருத்துப் படிவத்தை நீட்டினேன். வேறென்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. 'தகவல்கள் சரியாக உள்ளனவா?' என்ற கேள்விக்கு நேரே, 'பெரும்பாலும்' என்ற கட்டத்தில் டிக் போட்டுத் திருப்பித் தந்தார்.