கங்காணியார் அனுப்பிய பங்கு

கொட்டகலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் கங்காணியாரின் பன்றி தீனி தின்னாமல் காது சிவந்து படுத்துவிட்டது. கண்ணேறு என்று அதன் கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டினார் அந்த மேதாவி. சாகப்போகிறது என்று தெரிந்ததும் வெட்டி, நாங்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்கெல்லாம் பங்கு அனுப்பினார்.

“சீக்குப் பன்னிய நம்ம தலையில கட்டுறாரு, பெரிய தர்மவான்” என்று என் மனைவி எங்கள் பங்கைக் குழி தோண்டிப் புதைத்தாள்.

மற்றவர்கள் இறைச்சி கழுவிய தண்ணீரைத் தங்கள் பன்றிகளுக்கு ஊற்றினார்கள். அவையும் காது சிவந்து செத்தன. எங்கள் பன்றி மட்டும் பிழைத்தது.

“ஒன் பொஞ்சாதி கண்ணுதான்டா எல்லாத்தையும் கொன்னுச்சு” என்றார் கங்காணியார்.

இப்போதும் அவர் அனுப்பும் இறைச்சி எங்கள் வீட்டில் நேரே குழிக்குத்தான் போகிறது. வாங்கும்போது மட்டும் கும்பிட்டு வாங்குகிறேன். நாளை எனக்கு வேலை கொடுப்பவரும் அதே மேதாவிதானே.