மயிலாப்பூரிலிருந்து அடையாறுக்கு, இரண்டு பொட்டலங்களோடு

காலை 6.40. எழும்பூரில் இறங்கினேன். மயிலாப்பூருக்கு ஆறு கிலோமீட்டர்தான்; ஆட்டோக்காரர் இருநூற்றைம்பது கேட்டு, நூற்றெண்பதுக்கு வந்தார். வழியெல்லாம் மெட்ரோ தடுப்பு. திருச்சியிலிருந்து நான் ஊர் சுற்ற வரவில்லை. கல்லூரி விடுதியில் மூன்று வருடம் ஒரே அறையில் இருந்த வசந்தியை அடையாறில் ஒரு டாக்டரிடம் அழைத்துப்போக வந்தேன். அவளுக்கு நாற்பது வயது. மகள் பிளஸ் டூ, மகன் எட்டாவது. இப்போது வயிற்றில் ஏழு வாரம். பதினான்கு வருடம் வீட்டோடு இருந்துவிட்டு ஜூனில்தான் பள்ளிக்கூட வேலையில் சேர்ந்திருக்கிறாள். "எனக்கு இது வேண்டாம் செல்வி, நீ வா" என்று போனில் சொன்னாள். டாக்டர் பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்.

7.30. காபி கொடுத்த கையோடு வசந்தியின் கணவர் ஸ்ரீதர் விஷயத்துக்கு வந்தார். தி.நகரில் ஆடிட்டர், பரம சாது. "தப்பா எடுத்துக்காதீங்கோ. அம்பாள்கிட்ட பூக்கட்டிக் கேட்டுண்டு அப்புறம் டாக்டர்கிட்ட போகட்டும். வெள்ளை வந்தா நான் குறுக்கே நிக்கமாட்டேன். சிவப்பு வந்தா பெத்துக்க வேண்டியதுதான்."

கறுப்புச் சட்டைக்காரரின் மகள் நான். ஒரு பெண்ணின் வயிற்றில் இருப்பதற்குச் சீட்டுக் குலுக்கலா? வசந்தி சண்டை போடுவாள் என்று பார்த்தேன். அவளோ பூக்கூடையோடு உள்ளே போய், ஒரே அளவில் மடித்த இரண்டு காகிதப் பொட்டலங்களோடு வந்தாள். அவளை நாலு அறை விடலாம் போல இருந்தது.

8.45. மாடவீதியிலிருந்து பிரியும் சந்தில் ஒரு சின்ன அம்மன் கோயில். கேள்வி என்னவென்று குருக்கள் கேட்கவில்லை. அது அவரவர் மனதுக்குள். பொட்டலங்களை அம்மன் காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டித் தட்டில் நீட்டினார். ஸ்ரீதர் கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். பிரித்தார். நந்தியாவட்டை. வெள்ளை.

"அம்பாளே உத்தரவு குடுத்துட்டா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஆபீஸுக்குக் கிளம்பினார். மற்ற பொட்டலத்தை வசந்தி கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

10.10. அடையாறுக்கு ஆட்டோ, நூற்றைம்பது. பாலத்தின் மேல் வண்டி நகரவே இல்லை. "இன்னாக்கா பண்றது, காலைலேர்ந்து இப்டிதான் நின்னுக்கினு கீது" என்றார் டிரைவர். ஆதார் கார்டு இருக்கிறதா பார் என்று வசந்தி பையை என்னிடம் கொடுத்தாள். பொட்டலம் கையில் தட்டுப்பட்டது. சிவப்பைப் பார்க்கும் ஆசையில் பிரித்தேன்.

அதிலும் நந்தியாவட்டை.

"ரெண்டுமே வெள்ளையா?"

"மெதுவாப் பேசு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருடம் கழித்தாவது சாமியை ஏய்க்கக் கற்றுக்கொண்டாளே!

அவள் சிரிக்கவில்லை. "நேத்து சாயங்காலம் நான் மட்டும் கோயிலுக்குப் போனேன்டி. ஒண்ணுல வெள்ளை, ஒண்ணுல செவ்வரளின்னு ஒழுங்காத்தான் கட்டிண்டு போனேன். அரளி வந்தது."

என் சிரிப்பு அப்படியே நின்றது. "கூடாதுன்னு வந்துமா கிளம்பிட்ட?"

"வந்தும்தான். ராத்திரி பூரா அழுதேன். விடிஞ்சும் எனக்குக் கொழந்தை வேண்டாம்னுதான் இருந்தது. உடம்பு தேறினதும் அம்பாள் முன்னாடி போய் நிப்பேன். என்ன திட்டினாலும் வாங்கிப்பேன். அவகிட்ட நான் பேசிக்கலாம். ஆத்துல இவர்கிட்ட பேசி ஜெயிக்க முடியாது."

டிரைவர் ஹாரன் அடித்தார். வண்டி நகர்ந்தது. பொட்டலத்தைத் திரும்ப மடித்து அவள் பையில் வைத்தேன்.

11.20. டாக்டரம்மா படிவத்தை நீட்டினார். "வேற யார் கையெழுத்தும் வேண்டாம்மா. உங்களோடது போதும். நல்லா யோசிச்சாச்சா?"

"ஆச்சு" என்று வசந்தி கையெழுத்துப் போட்டாள். மாத்திரையை உள்ளங்கையில் வைத்து ஒரு நிமிடம் கண்ணை மூடியிருந்துவிட்டு விழுங்கினாள். இரண்டு நாள் கழித்து அடுத்த மாத்திரை. அதுவரை கூடவே இருந்தேன்.

நான்காம் நாள், மதியம் 3.00. திரும்பும் ரயில். திருச்சியில் எங்கள் வீட்டில் சாமி படமே கிடையாது. பத்து வருடத்துக்கு முன் நானும் இதே முடிவை எடுத்தவள்தான். போனேன், வந்தேன், மறுநாள் வேலைக்குப் போய்விட்டேன். பெரிய தைரியசாலி என்று இத்தனை நாளும் என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன். கூடாது என்று சொல்ல என் எதிரில் ஒரு தெய்வமும் நின்றதில்லை. வசந்திக்கு நின்றது.