முன்னால் நடந்த முருகையா

நடையில் முருகையாவை மிஞ்ச அந்தத் தேயிலைத் தோட்டத்தில் ஆளில்லை. பெரகலைக்கு மேலே இருந்த கூலிக்காரர் லயத்திலிருந்து ஹல்துமுல்லைக்கு இறங்கிச் சாமான் வாங்கிக்கொண்டு, மற்றவர்கள் பாதி மேடு ஏறுவதற்குள் வீட்டு வாசலில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருப்பான். மனைவி பெரியாயி பின்னால் வருவாள். புருஷன் முன்னால், பெண்டாட்டி பின்னால் என்பது அந்தக் காலத்து வழக்கம். வழியில் திரும்பிப் பார்க்கிறவனை லயத்து ஆண்கள் லேசில் விடமாட்டார்கள். "என்னடா, முந்தானையில முடிஞ்சு வச்சிருக்காளா?" என்று ஒரு மாசத்துக்குக் கிண்டல் நடக்கும். முருகையா அந்தக் கிண்டலுக்கு ஒருநாளும் இடம் கொடுத்ததில்லை. அதில் அவனுக்குப் பெருமை வேறு. மண்ணாங்கட்டிப் பெருமை!

அப்புத்தளைக்கு ரயில் வந்த மறு வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெரியாயிக்கு அப்போது கால் வீங்கியிருந்தது. கொஞ்சம் மேடு ஏறினாலே மூச்சு வாங்கும். இருந்தும் அரிசி மூட்டை அவள் தலையில்தான் இருந்தது. திரும்பும் வழியில் கேட்டாள்:

"ஏங்க, கொஞ்சம் உக்காந்துட்டுப் போவமா?"

"மழ இருட்டிக்கிட்டு வருது, வா வா." தலையைத் திருப்பாமலே சொன்னான்.

அதற்குப் பிறகு பேச்சில்லை. கோபம் வந்தால் பெரியாயி வாயை மூடிக்கொள்வாள். இதுவும் அந்தக் கோபம்தான் என்று அவன் நினைத்தான். வீட்டுக்குப் போனதும் கருப்பட்டியில் ஒரு துண்டு உடைத்துக் கொடுத்துச் சமாதானப்படுத்தலாம் என்றுகூட யோசித்துக்கொண்டு நடந்தான். பாவி, யோசித்ததை அப்போதே வாயால் சொல்லியிருக்கலாம். அதற்காவது ஒருதரம் திரும்பியிருப்பான்.

பெரகலைச் சந்தியில் கடை வைத்திருந்த மொஹிதீன் நானாதான் கேட்டார்: "என்ன முருகையா, தனிய வாறீங்க? பொஞ்சாதி எங்க?"

"பின்னாடி வருதுங்க நானா" என்று சொல்லிக்கொண்டே திரும்பினான். பாதையில் மழையும் மூடுபனியும்தான் இருந்தன.

விழுந்தடித்துக் கீழே ஓடினான். ஒரு மதகுக்குப் பக்கத்தில், மண்மேட்டில் சாய்ந்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள். அரிசி நனையாமல் மூட்டையை மடியில் வைத்துச் சேலைத் தலைப்பால் மூடியிருந்தாள். உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது.

அடக்கம் செய்த இடத்தில் அவன் குடத்தை உடைத்ததும், "திரும்பிப் பாக்காம நட" என்றார்கள். சாவுக்கு உண்டான முறை அது. திரும்பினால் செத்தவர் பின்னாலேயே வந்துவிடுவார் என்று பயம். முருகையா நின்று திரும்பிப் பார்த்தான். வரட்டுமே என்றுதான் பார்த்தான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ஈர மண் தவிர வேறொன்றும் அவன் கண்ணில் படவில்லை. அதிலிருந்து லயத்தில் யாருக்குக் காய்ச்சல் கண்டாலும் பழி அவன் தலையில் விழுந்தது. அவனுக்குப் பெண் கொடுக்க எவரும் வரவில்லை, அவனும் தேடவில்லை.

வயதான பிறகு துரை பங்களாவில் பூந்தோட்ட வேலை கிடைத்தது. துரைசாணி பிள்ளைகளுக்குச் சொல்லும் கதைகளை ஆயா கருப்பம்மா கேட்டுவந்து, உப்புப் புளி சேர்த்துக் குசினியில் சமைக்கிறவர்களுக்கும் மற்ற வேலைக்காரர்களுக்கும் சொல்வாள். ஒருநாள் அவள் வாயில் கிரேக்க தேசம் மாட்டிக்கொண்டது.

"அங்க ஒரு பாட்டுக்காரன். பொண்டாட்டி பாம்பு கடிச்சுச் செத்துப்போனா. அவன் விடுவானா? செத்தவங்க இருக்கிற பாதாள லோகத்துக்கே போய்ட்டான். வழியில ஒரு ஆறு, அதுக்கொரு ஓடக்காரன், வாசல்ல மூணு தலை நாயி. இவன் பாட்டக் கேட்டு நாயே படுத்துக்கிச்சாம். அந்த லோகத்து ராசாவும் மனசு எளகி, 'கூட்டிக்கிட்டுப் போ, பின்னாடியே வருவா. வெளிய போய்ச் சேர்ற வரைக்கும் திரும்பிப் பாக்காத'ன்னாராம்."

முருகையா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான். "பாத்தானா?"

"பாத்துப்புட்டான், கிறுக்குப் பய! வர்றாளா இல்லையான்னு சந்தேகம். பாத்த ஒடனே அவ மறுபடி கீழ போய்ட்டா. வாசல் வரைக்கும் வந்தவனுக்கு இன்னுங் கொஞ்சம் பொறுக்க முடியலயே!"

எல்லோரும் சிரித்தார்கள். முருகையா சிரிக்கவில்லை.

"அவனக் கிறுக்கன்னு சொல்லாத கருப்பம்மா. அவன் குடுத்து வச்சவன். திரும்பிப் பாத்தப்ப, பொண்டாட்டி பின்னாடி நின்னாளே."